ஏழு வரிகளின் உரிமையாளர்

எங்கள் அலுவலகம் ஒரு முன்மாதிரி அலுவலகம். அங்கே சம்பளம் வாங்குகிறேன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது. வாசலில் நுழைந்ததும் வலதுகைப் பக்கம், தீயணைப்பு வாளிகளுக்கு மேலே, ‘இது ஒரு முன்மாதிரி அலுவலகம்’ என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். மாட்டியவர்களும் நாங்கள்தான், சான்று கொடுத்தவர்களும் நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.

குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகம் என்பது முழுப் பெயர். வீடு இல்லாதவர்கள் விண்ணப்பம் போடுவார்கள். நாங்கள் அவர்களை வரிசையில் வைப்போம். அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு காலியானால், அந்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி ஒரு பட்டியலை அச்சடித்துத் தரும். பட்டியலில் முதலில் இருப்பவருக்குச் சாவி. மற்றவர்களுக்கு அடுத்த பட்டியல் வரைக்கும் நம்பிக்கை.

அந்தப் பட்டியலில் இரண்டாவதாக ஒரு தையற்காரம்மா இருந்தார். ஆறு வருஷமாக இரண்டாவதாகவே இருந்தார். கணக்குப் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். முதல் ஆள் சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டால் இரண்டாவது ஆள் அடுத்த முறை முதலாவதாக வர வேண்டுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிடத்தில் யாரோ ஒரு புதியவர் இருப்பார். தையற்காரம்மா இரண்டில் இருப்பார். காரணம் கேட்டால் எங்கள் தலைமை எழுத்தர் மேடம் கணினியைக் கைகாட்டுவார். கணினி யாரையும் கைகாட்டாது.

தையற்காரம்மாவும் அவர் மகளும் ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். மெஷினை வாசலுக்குத் தள்ளினால்தான் பாய் விரிக்க இடம். மழை பெய்தால் மெஷின் உள்ளே வந்துவிடும், இவர்கள் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், குடியிருப்பில் வீடு கிடைக்கிற எல்லாரும் திரைச்சீலை தைக்க அவரிடம்தான் போவார்கள். ஏ வரிசையிலிருந்து டி வரிசை வரை எந்த வீட்டில் எந்த ஜன்னல் எத்தனை அடி என்பது அவருடைய நீல அட்டை நோட்டில் இருந்தது. குடியிருப்பில் அவர் அளக்காத ஜன்னல் கிடையாது. அவருடையது என்று சொல்லத்தான் ஒரு ஜன்னல் கிடையாது.

எங்கள் வீட்டுத் திரையும் அவர் தைத்ததுதான். நான் இந்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், என் மாமனாருக்கு டி-14 ஒதுக்கீடாகி, குடும்பத்தோடு அதில் குடியேறினோம். விண்ணப்பம் போட்ட நாற்பதாவது நாள் சாவி. “எங்க அப்பாவுக்கு அப்படி ஒரு ராசி” என்று என் மனைவி வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள். கூடவே திரைச்சீலைக் கதையும் வரும். “சாவி வந்த அன்னிக்கே திரையும் வந்துடுச்சு. அளவுகூட எடுக்கல, பார்த்துக்கோங்க! அச்சு அசலாப் பொருந்திச்சு. அதுவும் எனக்குப் பிடிச்ச இளம்பச்சை.”

இவ்வாறு எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு திங்கட்கிழமை, எங்கள் கணினிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கறுத்துப்போய், ஆளுக்கொரு மண்டையோட்டைக் காட்டிப் பல்லை இளித்தன. வைரஸ்.

அது எப்படி வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. ‘தங்கள் பதவி உயர்வு ஆணை இணைப்பில் உள்ளது’ என்று இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் இணைப்பைத் திறந்தார். ஆணையைக் காணோம். பதினோரு முறை திறந்தார். தன் கணினியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, தலைமை எழுத்தர் மேடத்தின் கணினியில் திறந்தார். பிறகு கணக்குப் பிரிவில். கடைசியாக என்னிடம் வந்து, “தம்பி, உங்க மெஷின் புதுசாச்சே, இதுல திறக்குதா பாருங்க” என்றார். நான் வேண்டாம் சார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே திறந்துவிட்டார்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவர் இயக்குநர். நிகழ்ந்ததை நேரில் கண்டவர் என்பதால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அறுபத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. அதன் சாரம்: ‘நிகழ்வானது நிகழ்ந்த முறையிலேயே நிகழ்ந்துள்ளது. இதற்கு எந்த அலுவலரும் பொறுப்பல்ல. நமது புரோகிராம் எழுதப்பட்டுள்ள பழைய மொழியே முழுப் பொறுப்பு.’

மொழியைக் குற்றவாளி ஆக்குவதில் ஒரு வசதி உண்டு. அதற்குச் சங்கம் கிடையாது, விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் பதில் அனுப்பாது.

பழைய மொழியை விட்டுப் புதிய மொழிக்கு மாறுவதென்று முடிவானது. வழிகாட்ட ஓர் ஆலோசகர் வந்தார். அவர் இயக்குநரின் மைத்துனராக இருந்தது தற்செயல். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் அவருடைய சிரித்த முகம். கூட்டத்தில் விளக்கினார்.

“பழைய மொழியில எட்டு அறை உள்ள அலமாரியில பத்துப் பொருள் வைன்னு சொன்னா, எட்டை உள்ள வச்சிட்டு மீதி ரெண்டைப் பக்கத்து வீட்டு அலமாரியில வச்சிடும். கேள்வி கேட்காது. திருடன் அந்த வழியாத்தான் உள்ள வர்றான். புது மொழி அப்படியில்ல. எட்டுன்னா எட்டுதான். ஒன்பதாவதுன்னு சொன்னாலே வேலையை நிறுத்திடும்.”

சொன்னது உண்மைதான். அதை நானும் ஒத்துக்கொண்டேன். அந்த மொழி எனக்குப் பிடித்த மொழியும்கூட. வாய் சும்மா இராமல் ஒன்று மட்டும் கேட்டுவிட்டேன்.

“சார், சுவத்துல ஓட்டை போட்டு வர்ற திருடனை இந்த மொழி தடுக்கும். சரி. நாமளே கதவைத் திறந்து ‘வாங்க வாங்க’ன்னா?”

“நாம எதுக்குத் தம்பி திருடனைக் கூப்பிடப் போறோம்?” என்றார் இயக்குநர்.

“பதவி உயர்வுன்னு பேரைச் சொல்லிக்கிட்டு வந்தா, சார்?”

நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: ‘கணினிப் பிரிவினர் ஓர் ஐயத்தை எழுப்பினர். ஐயம் எழுப்பப்பட்டது என்பது குறித்துக்கொள்ளப்பட்டது.’

அதற்குப் பிறகு புது மொழி ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. ‘நான் பாதுகாப்பானவன்’ என்று அச்சடித்த வில்லையை எல்லாரும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். மூன்று நாள் பயிற்சியில் டிரைவர் உட்பட அனைவரும் தேறினார்கள். ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாத தலைமை எழுத்தர் மேடம், பக்கத்துத் துறைக்காரர்களைப் பார்த்து, “நீங்க இன்னும் பழைய மொழியிலயா இருக்கீங்க, பாவம்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. புது மொழியில் ஒரு விதி உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரிமையாளர்தான். மற்றவர்கள் இரவல் வாங்கலாம். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைப் பார்க்கக்கூடக் கூடாது. உரிமையாளர் வெளியேறினால் பொருள் அழிந்துபோகும். கணினிக்குள் இது அருமையான ஏற்பாடு. ஆலோசகர் இதை விளக்கியதும் இயக்குநர் கண்ணில் நீர் தளும்பியது. “இவ்வளவு நல்ல விதி மெஷினுக்கு மட்டும் எதுக்கு?” என்றார். மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: இவ்விதிகள் அலுவலகம் முழுமைக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் பெயர் ஒட்டப்பட்டது. ஸ்டேப்ளர் தலைமை எழுத்தர் மேடத்துக்கு. அதை இரவல் வாங்கப் படிவம். இரவல் போயிருக்கும்போது உரிமையாளரே அதைத் தொடக் கூடாது என்பதால், மேடம் தன் காகிதங்களைக் குண்டூசியால் குத்தி விரலையும் குத்திக்கொண்டார். சுவர்க் கடிகாரத்துக்கு யாரும் உரிமை கோரவில்லை. உரிமையாளர் இல்லாத பொருள் அழிக்கப்பட வேண்டும் என்பது விதி, கழற்றி அழித்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு யாரும் தாமதமாக வந்ததாகப் பதிவே இல்லை. பரிதாபம் டிரைவர்தான். ஜீப்புக்கு அவர் உரிமையாளர். அவர் இறங்கிப் போனால் விதிப்படி ஜீப்பை அழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனிதர் மதியச் சாப்பாட்டை ஸ்டியரிங் மேல் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் இதிலெல்லாம் தலையிடவில்லை. என் வேலை, வரிசைப் புரோகிராமைப் புது மொழியில் எழுதுவது. பழைய புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதியது ஒரு குழப்பக் காடு. அதற்குள் நுழைவானேன் என்று, ஒதுக்கீட்டு விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே நேர்மையாக எழுதி முடித்தேன். மூன்று மாதம். எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

பிறகு சோதனை. ஆறு வருஷத்தில் அச்சடித்த எல்லாப் பட்டியல்களையும் புதுப் புரோகிராமை விட்டு மறுபடி தயாரிக்கச் சொல்லி, பழையதோடு ஒப்பிட வேண்டும். சோதனையில் ஆட்களின் பெயர் வராது. விண்ணப்ப எண்கள் மட்டும்தான். ஆலோசகர் முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தம்பி, நாற்பத்தொரு பட்டியல் ஒத்துப்போகல. நாற்பத்தொரு பிழை.”

பார்த்தேன். ஒவ்வொரு பிழையும் ஒரே இடத்தில் இருந்தது: முதலிடத்தில். பழைய பட்டியலில் முதலில் ஒரு எண். என் பட்டியலில் முதலில் வேறு எண். என் பட்டியலில் வந்தது நாற்பத்தொரு முறையும் ஒரே எண்தான். அது யாருடைய எண் என்று பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒருவர் அதைக் கவுன்ட்டரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் குழப்பக் காட்டுக்குள் நுழைந்தேன். நான்கு நாள் தேடினேன். கிடைத்தது. மொத்தம் ஏழு வரிகள். வியாழக்கிழமை காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ‘இதர’ என்ற கோப்பைத் திறந்து பார். அதில் பெயர் இருந்தால், மேலே உள்ள பெயரை எடுத்துப் பட்டியலின் முதலிடத்தில் வை. எடுத்த பெயரைக் கோப்பிலிருந்து அழித்துவிடு. அவ்வளவுதான். மண்டையோடு இல்லை, பல்லிளிப்பு இல்லை. திங்கட்கிழமை வந்த வைரஸ் எங்கள் வேலையை இரண்டு நாள் நிறுத்தியது. இது ஆறு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலை பார்த்திருக்கிறது.

தலைமை எழுத்தர் மேடத்திடம் ஓடினேன். “மேடம், ‘இதர’ன்னு ஒரு கோப்பு இருக்கு. தெரியுமா?”

“இதரவா? தெரியுமே. யாராவது தெரிஞ்சவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா, மறந்துடக் கூடாதுன்னு அதுல பேரை எழுதி வைப்போம். முன்னாடி நோட்டா இருந்துச்சு. அந்தப் புரோகிராம்காரர் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தார்.”

“எழுதி வச்சா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? எழுதி வைப்போம். அப்புறம் அவங்களுக்கு வீடு கிடைச்சிடும். அது அவங்க அதிர்ஷ்டம்.” மேடம் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். “இதர வெறும் இதரதானே தம்பி!”

ஆலோசகரிடம் போனேன். அந்த ஏழு வரியை விட்டுவிடலாம் என்றேன்.

“விட்டா நாற்பத்தொரு பிழை. சேர்த்தா சுழியம். எது பாதுகாப்பு?”

“சார், அது திருட்டு வரி.”

“இருக்கட்டும். புது மொழியில எழுதுங்க, பாதுகாப்பா இருக்கும். மொழி மாத்தறதுதான் தம்பி நம்ம ஒப்பந்தம். ஒழுக்கம் மாத்தறது இல்ல.”

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம், அவ்வளவு கோபம். நான் அந்த ஏழு வரியை எழுதினால், தையற்காரம்மா சாகும் வரைக்கும் இரண்டாவது ஆள்தான். பழைய மொழியிலாவது அது எப்போதாவது தடுக்கி விழுந்து ஒரு வியாழக்கிழமை தப்பியிருக்கலாம். புது மொழியில் விழவே விழாது.

அப்போதுதான் சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. உரிமையாளர் இல்லாத பொருள் அழிக்கப்பட வேண்டும்! கடிகாரத்துக்கு ஒரு நியாயம், ஏழு வரிக்கு ஒரு நியாயமா?

படிவம் அடித்தேன். ‘இணைப்பில் கண்ட ஏழு வரிகளுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை; அவற்றுக்கு நான் உரிமையாளர் அல்ல, என்றும் உரிமை கோரமாட்டேன்.’ அலுவலகத்தில் ஆளுக்கு மூன்று பிரதிகள். எங்கள் அலுவலகத்தில் பொறுப்பு ஏற்கிற படிவத்துக்குக் கையெழுத்து வாங்க மூன்று மாதம் ஆகும். பொறுப்பு இல்லை என்கிற படிவத்துக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. இயக்குநர் படிக்காமலே போட்டார். ஆலோசகர் இரண்டு முறை போட்டார். டிரைவர் ஜீப்பிலிருந்தே கையை நீட்டிப் போட்டார்.

மறுநாள் கூட்டம். படிவங்களை மேஜைமேல் வைத்தேன். “சார், ஏழு வரிக்கும் உரிமையாளர் இல்லை. சுற்றறிக்கைப்படி அழிக்கணும்.”

இயக்குநர் பெருமையோடு தலையாட்டினார். “விதின்னா விதிதான். அழிச்சிடுங்க.”

“சுற்றறிக்கையில ஒன்பதாம் பிரிவு இருக்கே” என்றார் ஆலோசகர். “ஒரு பொருளை அழிச்சா, அதைச் சார்ந்து நிக்கிறதையும் திரும்ப எடுக்கணும். அந்த ஏழு வரியால வீடு வாங்கினவங்க பட்டியல் வேணும்.”

“இப்பவே எடுத்துடலாம் சார்!” என்றேன். ஆர்வம் தாங்கவில்லை. நாற்பத்தொரு விண்ணப்ப எண்ணுக்கும் பெயரைத் தேடிக் கொடுக்கச் சொல்லி அச்சடித்தேன். காகிதம் சூடாக வந்தது. எழுந்து நின்று, குற்றப்பத்திரிகை வாசிக்கிற தோரணையில், ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தேன்.

மூன்றாவது பெயர் வந்ததும் இயக்குநருக்கு இருமல் வந்தது. “அவங்க எங்க அண்ணியோட அம்மா” என்றார். ஐந்தாவது பெயர் கேட்டு மேடம் ஸ்டேப்ளரைத் தேடினார். அந்தப் பெயர் அவருடைய சம்பந்தியுடையது. ஒன்பதாவது சாட்சாத் ஆலோசகரே. பன்னிரண்டாவது டிரைவரின் சகலை. ஜன்னலுக்கு வெளியே ஜீப்பிலிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டது, கை தவறிப் பட்டிருக்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். குரலை இன்னும் உயர்த்தினேன். பதினைந்து. பதினாறு.

நிறுத்தினேன்.

“ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? பதினேழு யாரு?” என்றார் மேடம், மிகவும் கனிவாக.

“பிரின்ட் சரியா விழல, மேடம்.”

மேடம் எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “நல்லாத்தானே விழுந்திருக்கு. டி-14. இது உங்க மாமனார் இல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் என்னைத் தங்களில் ஒருவனாகப் பார்த்தார்கள். மதிய இடைவேளைக்குப் பிறகு கூடலாம் என்று இயக்குநர் சொன்னார்.

வீடு பக்கத்தில்தான். மாமனார் கட்டிலில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இந்த வீடு எப்படிக் கிடைச்சுது?”

“விண்ணப்பம் போட்டோம், கிடைச்சுது. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை. பத்துப் பைசா கொடுத்திருப்பேனா?”

“உங்களுக்கு முன்னால ஒருத்தர் இருந்திருக்காங்க மாமா. நீங்க அவங்களைத் தாண்டி வந்திருக்கீங்க.”

“வரிசைன்னா யாராவது பின்னால நிக்கத்தான் செய்வாங்க” என்றார் மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். “எல்லாரும் முன்னால நின்னா அதுக்குப் பேரு வரிசையா?”

என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். “அப்படின்னா நாம வீட்டைக் காலி பண்ணணுமாங்க?” என்றாள். கேட்டுக்கொண்டே ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். அன்றைக்குச் சோறு இறங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

மதியக் கூட்டத்தில் தெளிவு பிறந்திருந்தது. நாற்பத்தொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவது மனிதாபிமானம் ஆகாது. எனவே ஏழு வரிகளை அழிக்கக் கூடாது. அழிக்காமல் இருக்க அவற்றுக்கு ஓர் உரிமையாளர் வேண்டும். ஆனால் அலுவலகத்தில் எல்லாரும் உரிமை இல்லையென்று மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படி எழுதிக் கொடுக்காதவர் யார்?

எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அலைந்தவன், தன்னிடம் வாங்க மறந்துவிட்டான்.

“தம்பி, பயப்படாதீங்க” என்றார் இயக்குநர். “இது தண்டனை இல்ல. கௌரவம்.”

கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே ஏழு வரியையும் புது மொழியில் எழுதினேன். அழகாக வந்தது, பழையவர் எழுதியதைவிட ஒரு வரி குறைத்திருக்கலாம், படிவத்தில் ஏழு என்று இருந்ததால் விட்டுவிட்டேன். சோதனை ஓடியது. பிழை: சுழியம். ‘முழுமையான பாதுகாப்பு’ என்று சான்றிதழ் வந்து, முன்மாதிரிச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

புதுப் புரோகிராமின் முதல் வியாழக்கிழமை, தையற்காரம்மா கவுன்ட்டருக்கு வந்தார். நீல நோட்டு கையில் இருந்தது. மேடம் இரவல் போன ஸ்டேப்ளரைத் தேடிப் போயிருந்ததால் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

“தம்பி, புது மொழியாமே? நல்ல மொழியா?”

“ரொம்பப் பாதுகாப்பான மொழிம்மா.”

“என் நம்பர் என்னப்பா?”

“ரெண்டு.”

“பரவாயில்ல. மாத்தும்போது எங்கயாவது விட்டுப் போயிடுமோன்னு பயந்துட்டே இருந்தேன். நல்ல வேளை, என் இடம் பத்திரமா இருக்கு” என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இன்னிக்கு எந்த வீடு தம்பி?”

“பி-6.”

“அதுல சமையலறை ஜன்னல் ஒரு பக்கம் அரை அங்குலம் கூட இருக்கும்” என்று நோட்டைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டார். கிளம்பியவர் நின்று திரும்பினார். “உங்க வீட்டுத் திரை வெளுத்துப் போயிருக்குமே? நாலு வருஷமாச்சு.”

“கொஞ்சம் வெளுத்திருக்கும்மா.”

“சாயம் நிக்கும்னுதான் கடைக்காரர் சொன்னார். டி-14 காலியாகுது, அடுத்தது நீங்கதான்னு மேடம் சொன்னாங்க இல்ல, அப்ப எனக்குன்னு எடுத்த துணி அது. அளவு நோட்டுல இருந்துச்சு. தச்சும் வச்சுட்டேன். அப்புறம் அந்த வீட்டுக்கு உங்க வீட்டம்மா வந்தாங்க, திரை வேணும்னாங்க. சும்மா வச்சு என்ன பண்றதுன்னு கொடுத்துட்டேன்.” சிரித்தார். “என் பொண்ணுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இளம்பச்சை அவ எடுத்தது.”

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தேன். “புரோகிராம்ல பிழை எதுவும் இல்லம்மா” என்று வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்று மாமனார் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனாருக்கே மனசு தாங்கவில்லை.

“அடப் பாவமே! நல்ல பொம்பளை. அவங்களுக்கு ஒரு வீடு கிடைக்க வேண்டியதுதான்” என்றார். “ஏன் மாப்பிள்ளை, அவங்களுக்காக நாம யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

அட, எனக்கு ஏன் இது தோன்றவில்லை! ஏழு வரிகளின் உரிமையாளரே நான்தானே. மறுநாள் காலை முதல் வேலையாக ‘இதர’ கோப்பைத் திறந்தேன். ஏழு வரிகளும் இப்போது முறைப்படி சான்று பெற்றவை என்பதால், கூச்சம் விட்டுப்போய், அலுவலகத்தில் எல்லாரும் தாராளமாகப் பெயர் எழுதியிருந்தார்கள். அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். கீழே, அறுபத்து நான்காவதாக, தையற்காரம்மாவின் பெயரை எழுதினேன்.

முதலில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். என்னைக் கேட்பவர் யாருமில்லை. ஆனால் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் அறுபத்து மூன்று பேரைத் தாண்டி ஒருவரை முன்னால் வைப்பது, நீங்களே சொல்லுங்கள், நியாயமா?